உருவிலாத் திரள்

செங்கதிர் மேற்றிசை முகடுகளின் பின்னே சாய, பள்ளத்தாக்கு நகரம் தன் விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாய் ஏற்றிக்கொள்ள, அவ்வொளி எட்டாத உச்சிப் பாறைவெளியில் இருள் வெள்ளம்போல் நிறைந்தது. அங்கே ஆளுயரத்தை விஞ்சி நின்ற தொலைநோக்கியின் ஏணியில் பெண்ணொருத்தி ஏறினாள். நில அளவை அலுவலகத்தில் எல்லைக்கோடு வரைபவள் அவள். கணவரின் வலப்பக்கம் செயலிழந்த நாள்முதல் ஒன்பது ஆண்டுகளாய், அலுவலகமும் இல்லமுமன்றி மூன்றாம் இடம் அறியாதவள். அடுக்களைச் சாளரத்தில் தெரிந்த கையகல வானத்தைப் பார்த்தே ஏங்கியவள். கொழுந்தன் ஒரு மாலை காவலிருக்க இசைந்ததால் வந்திருந்தாள்.

அவள் காண விழைந்தது, சுருளோ வட்டமோ இன்றிப் பிய்த்தெறிந்த பஞ்செனக் கிடக்கும் ஒழுங்கிலா விண்மீன் திரள். அது முகட்டின்பின் மறைய அரைமணி நேரமே இருந்தது. கருவியின் ஆடியைத் தம் கையாலேயே தேய்த்து ஒளிரச் செய்த பல் மருத்துவர் கீழே நின்றார்.

“ஒண்ணுமே தெரியலையே.”

“நேராப் பாக்காதீங்கம்மா. கொஞ்சம் ஓரமாப் பாருங்க, அப்பத்தான் கண்ணுல படும்.”

விழியை விலக்கினாள். கருமையினின்று வெளிறிய கறையொன்று மெல்லக் கசிந்து வந்தது; அதன் ஓரத்தில் ஒரு முடிச்சு மட்டும் சற்றே மின்னியது. மூச்சையடக்கி, மடித்த தாளில் கரிக்கோலை வைத்தபோது கைப்பேசி அதிர்ந்தது.

“அண்ணி, அண்ணன் வாயே திறக்க மாட்டேங்குறாரு. நீங்க வந்து ஊட்டினாத்தான்னு அடம் புடிக்கிறாரு.”

அவள் நெஞ்சு பழகிய கயிற்றில் இழுபட்டது. கால் ஒரு படி இறங்கியும்விட்டது.

“இன்னும் கால் மணி நேரம் இருக்கு தம்பி. முடிச்சிட்டு வரேன்,” என்று மீண்டும் ஏறினாள். அத்திரளை முகடு விழுங்கும்வரை வரைந்தாள்.

இல்லம் சேர்ந்து, ஆறிய கஞ்சியைச் சூடாக்கி ஊட்டுகையில், கணவர் இடக்கையால் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார்.

“பாத்தியா?”

“பாத்தேங்க.”

“திரும்பவும் போவியா?”

போகமாட்டேன் என்னும் சொல் நாவின் நுனிவரை வந்து நின்றது. “போவேன்,” என்றாள்.

அவர் சுவர்ப்புறம் முகம் திருப்பினார். நெடுநேரம் கஞ்சிக் கரண்டியோடு காத்திருந்தாள்; பின்னர் அவர் உண்ண வாய் திறந்தார். மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

இரும்பாலான சிறைக்குத் திறவுகோல் உண்டு. அன்பும் அச்சமும் பின்னிய சிறைக்கோ பூட்டே இல்லை. அதனுள் வாழ்வோர் ஒருநாள் உண்மையை உரைத்துவிட்டு, மறுநாளும் அங்கேயே கண்விழிக்கின்றனர்.