சளிக்கு லீவு கிடையாது

இருட்டு விலகுவதற்குள் மில்லில் நெல் அவிக்கும் தொட்டியின் வாயைத் திறந்துவிட்டார்கள். அவித்த நெல் குபுகுபுவென்று களத்தில் கொட்டியது. புஷ்பவள்ளி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகையோடு ஆவிக்குள் நடந்தாள். கொதிக்கிற நெல்லைப் பலகையால் தள்ளி, காலால் கலைத்துவிட்டுக்கொண்டே போக வேண்டும். பழகாத கால் அரை நிமிஷம் தாங்காது. அவள் கால் இருபத்திரண்டு வருஷம் தாங்கியிருக்கிறது.

ஒரு வாரம் அடித்துப் பெய்த மழைக்குப் பிறகு காட்டுமன்னார்கோயில் வானம் அன்றுதான் வெளுத்திருந்தது. தேங்கிக் கிடந்த நெல்லை எல்லாம் ஒரே நாளில் காயவைத்துவிடத் துடித்தார் மில் முதலாளி ராஜமாணிக்கம். பன்னிரண்டு பெண்கள் செய்கிற வேலையைப் பதினோரு பேர் செய்தார்கள். பன்னிரண்டாவது ஆள் கொளஞ்சியம்மாள். அவள் பலகை பதினெட்டு நாளாகச் சுவரில் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் புஷ்பவள்ளிக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

அந்தக் களத்தில் ஒரு சட்டம் உண்டு. இருமுகிறவள் உள்ளே நிற்கக் கூடாது. மூன்று வருஷத்துக்கு முன் ஒருத்திக்கு டிபி வந்ததிலிருந்து முதலாளியின் காது இருமலுக்கென்றே திறந்திருந்தது. யாராவது இரண்டு தடவை இருமினால் போதும், "நாளையிலேர்ந்து வராத" என்பார். உமித் தூசியில் நின்றுகொண்டு இருமாமல் இருப்பது எப்படி என்று மட்டும் அவர் சொல்லித் தரவில்லை.

பெண்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொள்வார்கள். அதையும் மீறி இருமல் வந்தால், பக்கத்தில் இருப்பவள் பலகையைத் தரையில் படபடவென்று தட்டுவாள். அந்தச் சத்தத்தில் இருமல் அமுங்கிவிடும்.

கொளஞ்சியம்மாளுக்கு அறுபத்திமூன்று வயது. பேரப்பிள்ளைக்குச் சளி பிடித்து, அது அவளுக்கு ஒட்டிக்கொண்டது. ஏற்கெனவே மூச்சிளைப்பு உள்ள உடம்பு. கிராம்பு கொடுத்ததும் புஷ்பவள்ளிதான், பலகை தட்டியதும் அவள்தான். "வூட்லயே இருந்துடுக்கா" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இருந்தால் வேலை போய்விடுமே! ஐந்து நாள் தட்டினாள். ஆறாம் நாள் கொளஞ்சியம்மாள் சுடுநெல்லின் மேலேயே மூச்சு முட்டி விழுந்தாள்.

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். "டிபிங்களா டாக்டர்?" என்று புஷ்பவள்ளி கேட்டாள்.

"டிபியும் இல்ல, கொரோனாவும் இல்ல. ஆர்.எஸ்.வி.ன்னு ஒரு வைரஸ்" என்றாள் அந்தப் பெண் டாக்டர். "சளி, இருமல்னுதான் ஆரம்பிக்கும். கைக்கொழந்தைக்குத்தான் வரும்னு நெனைச்சுக்கறாங்க. வயசானவங்க, இளைப்பு இருக்கறவங்க, இருதயக் கோளாறு உள்ளவங்க, இவுங்களையும் படுக்க வச்சிடும். தனியா மருந்துன்னு பெருசா கெடையாது. மூச்சத் தாங்கிப் புடிக்கறதுதான் வைத்தியம். ஆமா, அஞ்சு நாளா என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

பலகை தட்டிக்கொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்வது?

மழை விட்ட அன்று, வெயில் ஏறும் நேரத்தில் மில் கேட்டைப் பிடித்துக்கொண்டு கொளஞ்சியம்மாள் வந்து நின்றாள். பாதி உடம்பாகியிருந்தாள். பத்தடி நடப்பதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது.

"மொதலாளி, தேவலாம்னு அனுப்பிட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு வேலைக்குப் போவலாம்னு சொன்னாங்க. எடத்த மட்டும் வச்சிருங்க."

ராஜமாணிக்கம் சீட்டைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். "இது கொழந்தைங்களுக்கு வர்ற சளியாச்சே! இதுக்கா பதினெட்டு நாளு? சளிக்கெல்லாம் லீவு குடுத்தா மில்லு ஓடுனாப்லதான்."

"சாவப் பொழச்சு வந்திருக்கேங்க."

"அதான் சொல்றேன். ஒட்டுற நோயி. உள்ள விட்டா எல்லாருக்கும் ஒட்டிக்கும். ஒன் எடத்துக்கு ஆள் சொல்லிட்டேன், போம்மா."

கொளஞ்சியம்மாள் சீட்டை வாங்கி நாலாய் மடித்தாள். அதைப் பார்த்த புஷ்பவள்ளி பலகையைப் போட்டுவிட்டு நேரே வந்தாள்.

"மொதலாளி, ஒண்ணு சொல்லுங்க. இது சும்மா சளியா, பெரிய நோயா?"

"என்னா கேள்வி இது?"

"சும்மா சளின்னா அவுங்களுக்கு வேலையக் குடுங்க. பெரிய நோயின்னா லீவக் குடுங்க. லீவு கேட்டா சின்னதாயிடுது, வேலை கேட்டா பெருசாயிடுது. அது என்னா நோவு, ஒங்க வாய்க்குத் தக்கன வளர்றதும் சுருங்கறதும்?"

களத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியின் முகம் சிவந்தது. "வாய் ஜாஸ்தியாயிடுச்சு ஒனக்கு. போயி நெல்லத் தள்ளு."

"எனக்கும் ரெண்டு நாளா இருமல்" என்றாள் புஷ்பவள்ளி. சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் இருமித் தீர்த்தாள். நெஞ்சு வலித்தது. வேலை போயிற்று என்பதும் தெரிந்தது.

"அப்ப நீயும் கெளம்பு!"

"அவ கெளம்புனா நாங்களும் வேலைய நிறுத்தறோம்" என்று பிரிசில்லா பலகையைக் கீழே வைத்தாள். பத்து வருஷமாக அதே களத்தில் நிற்பவள், அதிகம் பேசாதவள். "சளி புடிச்சதோ சனி புடிச்சதோன்னு சொல்லுவாங்க. எங்களுக்குச் சனி சளியில இல்லிங்க, இந்தச் சட்டத்துல இருக்கு. இருமறவ நாலு நாளு வூட்ல கெடக்கணும். அவ எடம் அவளுக்கே இருக்கணும். கொளஞ்சியக்காவும் உள்ள வரணும். சரின்னு சொல்லுங்க, தள்ளறோம்."

ஒவ்வொருத்தியாகப் பலகையை வைத்துவிட்டுக் களத்து ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

"தொட்டியில இன்னும் பாதி நெல்லு கெடக்குடி! மத்தியானத்துக்குள்ள பரப்பலன்னா புளிச்சு நாறிடும்!" என்று கத்தினார் முதலாளி.

"தெரியுங்க. அவிச்சது நாங்கதான" என்றாள் பிரிசில்லா.

"சேத்தியாத்தோப்புலேர்ந்து ஆள எறக்குறேன் பாரு!" முதலாளி போனை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குள் போனார்.

புஷ்பவள்ளியும் உட்காரப் போனாள். பிரிசில்லா கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ இங்க ஒக்காராத. வூட்டுக்குப் போயி படு."

"என்னாடி, ஆரம்பிச்சு வுட்டுட்டு நான் போயிப் படுக்கறதா? நாலு பேரு என்னா நெனைப்பாங்க?"

"நீ இங்க குந்திக்கிட்டு இருமுனா நாளைக்கு நாங்களும் படுத்துடுவோம். அப்பறம் யாரு ஒக்கார்றது? எதுக்குச் சண்ட போடறோமோ அத மொதல்ல நாம செய்வோம். ஒன் எடத்த நாங்க பாத்துக்கறோம். போ."

இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. இரண்டடி தள்ளி நடந்தபடி கொளஞ்சியம்மாளோடு கேட்டுக்கு வந்தாள். அவள் நின்று மூச்சு வாங்கியபோதெல்லாம் இவளும் நின்றாள்.

கேட்டருகே திரும்பிப் பார்த்தாள். ஆபீசு ஜன்னலுக்குள் முதலாளி மூன்றாவது தடவையாக யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். பத்துப் பேரில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.