நலம் விசாரிப்புக்குத் தடை

மாரடைப்பால் செத்தவர்களைவிட, மாரடைப்பு வந்தவரை நலம் விசாரிக்க வந்தவர்களால் செத்தவர்களே உலகத்தில் அதிகம். கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் இப்படி எழுதிய கோதண்டராமனுக்கு இதில் துளியும் சந்தேகம் கிடையாது. வருகிறவர் கையில் சாத்துக்குடிப் பை இருக்கும். வாயில், இதே நோய் வந்த ஒரு மச்சினர் இருப்பார். அந்த மச்சினர் பிழைத்தாரா இல்லையா என்பது, வந்தவர் காபியைக் குடித்து முடிக்கும்வரை தெரியாது.

எழுதிய மை காய்வதற்குள் அவன் அப்பா தணிகாசலம் மண்ணூர்க் கழனி வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காஞ்சிபுரத்தில் பிழைக்கவைத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரத்தம் போகாம கிடந்த இதயத் தசையில கொஞ்சம் செத்துப்போச்சு. மீதி சாகல, மயங்கிக் கிடக்குது. இப்ப ரத்தம் ஓடினாலும் அது உடனே வேலைக்கு வராது. தேறி எழுந்திருக்க வாரக்கணக்காகும். அதுவரைக்கும் அவர் மனசு பதறக் கூடாது."

அன்றிலிருந்து கோதண்டராமன்தான் பதறிக்கொண்டிருந்தான். அப்பா இருமினால் இவனுக்கு வேர்த்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். யார் வந்தாலும் ஒரே பதில்தான்.

"தூங்கறாரு மாமா."

"இன்னாடா, எப்ப பாத்தாலும் தூங்கினே கீறாரு?" என்றார் பக்கத்துத் தெரு சுப்பராயன். சாத்துக்குடிப் பையை அவன் மடியில் வைத்துவிட்டு, வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

உள்ளே போனான். அப்பா கட்டிலில் விழித்தபடி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்தார். நெற்றி பளபளத்தது.

"சுப்பராயன் குரல் கேட்டுச்சு. உள்ள வரல. டாக்டர் இன்னா சொன்னாரு? மறைக்காம சொல்லு."

"தசை மயங்கிக் கீதுப்பா. தானா எழுந்துக்கும்."

"எழுந்துக்கும்னா ஊரே வந்திருக்குமேடா. ஒருத்தனும் எட்டிப் பாக்கல. என் மூஞ்சிய பாக்க பயப்படறானுங்க. நாளு குறிச்சுட்டாங்களா?"

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. கோதண்டராமன் தெருவுக்கு ஓடினான். பஸ் போய்விட்டிருந்தது. நான்கு நாளாகத் திருப்பி அனுப்பப்பட்ட தெருவில், ஆத்திர அவசரத்துக்கு ஒரு விசாரிப்பாளர்கூட நடமாடவில்லை.

திரும்பி வந்தான். சாத்துக்குடிப் பையை எடுத்துக்கொண்டான். கட்டிலோரம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமினான்.

"எங்க காலேஜ் வாத்தியாரோட மச்சினருக்கு இதே மாதிரிதான்பா வந்துச்சு."

அப்பா திரும்பிப் பார்த்தார். "அப்புறம்?"

"படியேற முடியல. வூடே கலங்கிப்போச்சு."

"இப்ப?"

"இப்ப சைக்கிள்லயே இருங்காட்டுக்கோட்டை போய்ட்டு வராரு."

அப்பாவின் கை நெஞ்சிலிருந்து மெல்ல இறங்கிப் போர்வைமேல் விழுந்தது.

"நெசமாவா?"

அந்த வாத்தியாருக்குக் கல்யாணமே ஆகவில்லை. கோதண்டராமன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு சாத்துக்குடியை உரித்தான். பிறகு, மச்சினரின் அண்ணனுக்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தான்.