சாப்பாட்டுச் சங்கு

"மார்லிஸ், நீ ஊதினது எந்தச் சங்கு? சாப்பாட்டுச் சங்கா, புயல் சங்கா?"

வெர்னன் ஸ்டாக்கி அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். ஊர்த் தீயணைப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். மண்வெட்டிகளோடு அவருக்குப் பின்னால் நின்றவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்துவிடலாம், அவ்வளவு பேர்தான்.

"புயல் சங்குதான்" என்றாள். பிறகு, "அப்படித்தான் நினைக்கிறேன்."

"நினைச்சா பத்தாது. ஆரின் எங்கே இருப்பான்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்."

ஆரின் அவளுடைய தம்பி. தானியக் கோபுரத்தில் கோதுமை எடை போடுகிறவன். மனைவி விட்டுப் போனதிலிருந்து மத்தியானச் சாப்பாடு அவனுக்கு அக்கா வீட்டில்தான். சங்கு ஒரு மூச்சு ஊதி நின்றால் சாப்பாட்டு நேரம். எந்திரத்தை நிறுத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், அடுப்பில் இருப்பதை எடுத்துத் தின்பான். நிற்காமல் ஏறி இறங்கி ஊதினால் புயல். கோபுரத்துக்கு அடியில் இருக்கும் காங்கிரீட் குழிக்குள் இறங்கிவிடுவான். சற்றுமுன் ஊரைத் துடைத்துப் போன சுழல்காற்றில் இப்போது கோபுரமும் இல்லை, அவள் வீடும் இல்லை. ஒன்று ஊரின் இந்தக் கோடியில், மற்றது அந்தக் கோடியில். மழை வேறு வலுத்துக்கொண்டிருந்தது. பள்ளமான இடங்களிலெல்லாம் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்.

நோர்பி, ரயில் தண்ணீர் பிடிக்க நின்ற இடத்தில் முளைத்த ஊர். வட டகோட்டாவின் அந்தச் சமவெளியில் காற்றைத் தடுக்க எதுவும் கிடையாது. மார்லிஸ் பிறப்பதற்கு முன்னால் ஒரு சுழல்காற்று தேவாலயத்தையும் உள்ளே இருந்த கல்யாணக் கூட்டத்தையும் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகுதான் ஊரே காசு போட்டுச் சங்கு வாங்கியது. வாங்கிய பிறகு காற்று அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சங்கு கெட்டுப்போய்விடக் கூடாதே என்று தினமும் மத்தியானம் ஒருமுறை ஊதிப் பார்த்தார்கள். அதைக் கேட்டுத் தட்டு வைக்க ஊர் பழகிக்கொண்டது. நாய்கள்கூட அந்தச் சத்தத்துக்குச் சமையலறைக் கதவருகே வந்து நிற்கும்.

பொத்தானை அழுத்துவது ஊர் அலுவலகத்தில் மார்லிஸின் வேலை. இன்றைக்கு ஜன்னலில் வானம் பச்சையாகத் தெரிந்ததும் ஓடிப்போய் அழுத்தினாள். விரலை எடுக்கவில்லை. அது நிச்சயம். ஆனால் விளக்கு அணைந்தது. எங்கோ மின்கம்பி அறுந்திருக்க வேண்டும். தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டிய இரைச்சலில் சங்கு ஊதுகிறதா, நின்றுவிட்டதா என்று அவளுக்குக் கேட்கவில்லை. இருட்டில் அழுத்திக்கொண்டே இருந்தாள். தூரத்தில் சுழல்காற்றின் கறுப்புத் தூண் தெரிந்த பிறகுதான் இரும்புக் கதவு போட்ட அறைக்குள் புகுந்தாள்.

இப்போது, தெருவில் ஒற்றைச் செருப்போடு நின்ற பக்கத்து வீட்டு லவோன் க்ரூபரிடம் எந்தச் சங்கு கேட்டது என்று கேட்டாள்.

"சாப்பாட்டுச் சங்குதான்! இன்னிக்கு என்ன இவ சீக்கிரமே ஊதிட்டா, பசி தாங்கலையான்னு சிரிச்சேன்."

"இவளுக்கு எப்பவும் சாப்பாட்டு நினைப்புத்தான்" என்றார் அவள் புருஷன். "அது புயல் சங்கு. நான்தானே உன்னை நிலவறைக்கு இழுத்துட்டுப் போனேன்?"

"நீயா இழுத்தே? காது அடைக்குதுன்னு நான்தான் உன்னை இழுத்தேன்!"

மார்லிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சங்கு முழுசாக ஊதியிருந்தால் ஊர் நிலவறைகளுக்குள் பத்திரமாக இருக்கும். பாதியில் நின்றிருந்தால், சாப்பிட வாருங்கள் என்று அவளே எல்லோரையும் தெருவுக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

"கோபுரத்துக்குப் போங்க" என்றாள்.

ஈரக் கோதுமையை ஒதுக்கிக் குழியின் மூடியைத் தூக்கினார்கள். வெர்னன் விளக்கை உள்ளே காட்டினார். யாரும் இல்லை. ஏணிப் படிகளுக்கு நடுவே சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது.

மார்லிஸ் வீட்டுப் பக்கம் ஓடினாள். வீட்டுப் பக்கம் என்று நினைத்த பக்கம். மரங்கள் பட்டை உரிந்து எலும்பாக நின்றன. எந்தத் தெரு எது என்றே புரியவில்லை. ஒரு சமையலறைத் தொட்டியைப் பார்த்து மண்டியிட்டுச் செங்கல்லை வாரத் தொடங்கினாள்.

"மார்லிஸ், அது எங்க வீடு" என்றாள் பின்னாலேயே வந்த லவோன். "உன்னோடது அதோ... இல்லை, இரு. அதுவும் எங்க கொட்டகை மாதிரி இருக்கு."

பச்சைத் தரைவிரிப்பின் ஒரு துண்டு மண்ணுக்கடியில் தெரிந்தது. அது அவளுடையது. அதற்கு அப்பால் நிலவறைக் கதவின் மேல் யாருடைய காரோ கவிழ்ந்து கிடந்தது. அடியிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது.

காரைப் புரட்டக் கயிறு கட்டினார்கள். கதவு திறந்தபோது ஆரின் இடுப்பளவு தண்ணீரில், காலை நீட்டியபடி படியில் சாய்ந்து கிடந்தான். கால் கோணியிருந்தது.

"என்ன அவசரம் உனக்கு? மணி ஆகறதுக்கு முன்னாடியே ஊதிட்டே. வந்து பார்த்தா கறி வேகவே இல்லை. ஊறுகாயாவது தின்னலாம்னு கீழே இறங்கினேன், வீடே தலைமேல விழுந்துடுச்சு."

"எந்தச் சங்குடா கேட்டே?"

"என்ன கேள்வி இது? சாப்பாட்டுச் சங்குதான். ஒரே ஒரு மூச்சு."

அவள் அவன் ஈரத்தலையைக் கட்டிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. வெர்னன் அவள் முதுகைத் தட்டினார். "பாத்தியா, உன் சங்குதான் காப்பாத்துச்சு. சரி, வாங்க, அடுத்த வீட்டு நிலவறையைத் தோண்டலாம்."

"வேண்டாம்" என்றாள் மார்லிஸ். "நிலவறைகளை விடுங்க. கஃபேக்குப் போங்க."

"கஃபேயில யாரு இருக்கப்போறா? புயல் சங்குன்னு சொன்னியே?"

"நான் அழுத்தினது புயல் சங்கு. ஊருக்குக் கேட்டது சாப்பாட்டுச் சங்கு. சமைக்க ஆள் இல்லாத கிழவங்க எல்லாம் சாப்பிட அங்கேதான் போயிருப்பாங்க."

லவோன் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெர்னன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டடி நடந்து நின்றார். நாலு பக்கமும் பார்த்தார். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பலகையும் செங்கல்லும்தான்.

"கஃபே எந்தப் பக்கம்?" என்றார், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மனிதர்.

மார்லிஸ் கையைத் தூக்கி ஒரு பக்கம் காட்டினாள். பிறகு இறக்கினாள். பிறகு மறுபடி அதே பக்கம் காட்டிவிட்டு, முதல் ஆளாக நடக்கத் தொடங்கினாள்.