பந்து நிற்காத சரிவு

விடியும் முன்பே எங்கள் பாதங்கள் நனைந்துவிடும். நீளக் கழியை வீசிப் புல்லின் மேல் படிந்த பனியைத் தட்டிவிட வேண்டும்; பனியோடு வெட்டினால் புல் கத்தியில் அப்பிக்கொள்ளும். பிறகு நான் மணல் பள்ளங்களுக்குள் இறங்கி, நேற்று ஆடியவர்களின் கால் தடங்களை வாரியால் இழுத்து அழிப்பேன். குனிந்த இடுப்பு நிமிர்வதற்குள் வெயில் ஏறிவிடும். ஒரு சின்ன வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து அடித்துக் கொண்டுபோய்ப் பதினெட்டுக் குழிகளில் போடுவதுதான் கோல்ஃப் ஆட்டம். அதற்கு எத்தனை பேர் இடுப்பு ஒடிய வேண்டும் என்று ஆட்ட விதிகளில் எழுதவில்லை.

குழிகளுக்கு எண்கள் உண்டு. நாங்கள் வைத்த பெயர்கள் வேறு. மரங்களுக்கிடையே வளைந்து போகும் மூன்றாவது குழி 'கோணக்கழுத்து'. தண்ணீர்க் குழாயைச் சுமந்துகொண்டு மேடேற வேண்டிய பதினோராவது 'முதுகொடிச்சான்'. ஏழாவதுக்கு 'மாமியார்' என்று பெயர். என்ன செய்தாலும் அதற்குத் திருப்தி வராது. மூன்று பக்கமும் குளம், நடுவில் ஒரு புல்மேடு, அதன் உச்சியில் குழியும் கொடியும். வாசலில் மாட்டியிருக்கும் பெரிய படம் இதுதான். 'வாழ்நாளில் மறக்க முடியாத குழி' என்று கீழே எழுதியிருப்பார்கள். எங்களாலும் மறக்க முடியாது.

அந்த மேட்டின் சரிவில் புல் வெட்டியவர் என் வீட்டுக்காரர். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இயந்திரத்தோடு இறங்குவார். மேலே குதிகாலை ஊன்றி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். அவரை நாங்கள் நங்கூரம் என்று கூப்பிடுவோம். ஆள் கனம், வாய் அதைவிடக் கனம்.

"தம்பி, கொஞ்சம் கொறச்சு சாப்பிடக் கூடாதா? என் கை என்ன கிரேனா?"

"விட்டுருங்கண்ணே. குளிச்ச மாதிரியும் இருக்கும்."

இவர்கள் சிரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் முதலாளி வண்டியில் வந்து இறங்கினார். பெரிய போட்டி ஒன்று வரப்போகிறது. சரிவைக் குனிந்து பார்த்தார்.

"இன்னும் ஒட்ட வெட்டு. பந்து இந்த ஓரத்துல விழுந்தா நிக்கவே கூடாது. உருண்டு தண்ணிக்குள்ள போகணும். அப்பத்தான் நாலு பேர் பேசுவாங்க." பிறகு மேலே பார்த்தார். "அந்த ஆள் ஏன் சும்மா நிக்கிறான்?"

"கயிறு பிடிக்கிறேங்கய்யா," என்றார் நங்கூரம்.

"கயிறு பிடிக்க ஒரு ஆளா? நல்லா இருக்கே கதை! நாளையிலேர்ந்து நீ வண்டி கழுவப் போ."

பந்து நிற்காத இடத்தில் கால் எப்படி நிற்கும்? கேட்கத் தெரியாமல் இல்லை. கேட்டால் வேலை போகும் என்பதும் தெரியும்.

மறுநாள் என் வீட்டுக்காரர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டையே சுற்றிச் சுற்றி வந்தார். கட்டுவதற்கு அங்கே ஒரு மரம் கிடையாது. கொடிக்கம்பில் கட்டினால் கம்புதான் கூட வரும். கயிற்றைச் சுருட்டிக் கீழே போட்டுவிட்டு இறங்கினார். நான் மணலில் நின்றிருந்தேன். இயந்திரத்தின் சத்தம் திடீரென்று மாறியது. வாரியை எறிந்துவிட்டு ஓடினேன். இயந்திரம் பாதி தண்ணீரில் கிடந்து உறுமிக்கொண்டிருந்தது. அவருடைய வலது பாதத்தில் விரல்கள் இல்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு என் வீட்டுக்காரரைக் கொண்டுவந்த மறுநாள், முதலாளி அறைக்குள் நான் செருப்பில்லாமல் நின்றேன். குளிர்ந்த தரை.

"அவன் கவனமா இருந்திருக்கணும்மா," என்றார்.

"கயித்த எடுக்கச் சொன்னது நீங்கதானே ஐயா?"

அவர் முகம் சுருங்கியது. "ரொம்பப் பேசாத. நீங்க இருக்கற ரூம் வேலை பாக்கறவங்களுக்குக் குடுத்தது. நாளைக்குக் காலைல போட்டி நடத்தறவங்க ஏழாவது குழியைப் பாக்க வர்றாங்க. சரிவ நீ வெட்டு. இல்லன்னா ரூமக் காலி பண்ணு."

"தனியாவா ஐயா?"

"வேற ஆள் இல்ல."

இயந்திரக் கொட்டகைக்குப் பின்னால்தான் எங்கள் அறை. சுவரெல்லாம் பெட்ரோல் வாடை. கட்டிலில் காலை உயர்த்திப் படுத்திருந்தவரிடம் சொன்னேன்.

"போகாத," என்றார்.

"போகலன்னா உங்களத் தூக்கிக்கிட்டு எங்க போறது?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷம் எனக்கு யார் மேலும் கோபம்கூட வரவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தண்ணீர் பிடிக்கும் குழாயடியில் குழி வெட்டும் அக்காவும் நங்கூரமும் நின்றிருந்தார்கள். ஒரே இடத்துப் புல் தேயாமலிருக்க, தினமும் விடியலில் அக்காதான் பதினெட்டுக் குழிகளையும் இடம் மாற்றுவார். வட்டக் கத்தியை அழுத்தித் திருகிப் புது இடத்தில் குழி எடுப்பார். அங்கிருந்து புல்லோடு வரும் மண்கட்டியைப் பழைய குழியில் வைத்து மிதித்தால் தழும்பே தெரியாது. என் முகத்தைப் பார்த்ததும் அக்கா குடத்தை இறக்கி வைத்தார். எல்லாவற்றையும் கொட்டினேன்.

அக்கா குழாயை மூடினார். பிறகு, "நாளைக்கு ஏழாவதுல பழைய குழிய மூடிட்டு, புதுசு வெட்டாம விட்டா?" என்றார்.

நங்கூரம் சிரித்துவிட்டார். "குழி இல்லன்னா அது என்ன மைதானம்? மாடு மேய்க்கலாம்."

"வேலை போயிரும்க்கா," என்றேன். "எனக்காக எதுக்கு?"

"உனக்காக மட்டும்னு யார் சொன்னா? அவன் கால் போச்சு. அடுத்தது உன் கால். அப்புறம் யாரோடது?" சொல்லிவிட்டு அக்கா முதலாளி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் பயம்தான்.

இருட்டுவதற்குள் பேச்சு கொட்டகை முழுவதும் பரவியது. சிலர் தலையை ஆட்டினார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

விடிந்தபோது கொட்டகையில் ஒரு இயந்திரமும் உறுமவில்லை. மாமியாரின் உச்சியில் கொடி படுத்துக் கிடந்தது. கொட்டகைக்குப் பக்கத்துப் புல் பாத்தியிலிருந்து புல்கட்டி எடுத்து வந்து அக்கா குழியை அடைத்திருந்தார். அதைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கதவைச் சாத்தியவர்களிலும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அந்தக் கயிறு எல்லார் கைகளிலும் கிடந்தது. சரிவின் ஓரத்தில் நின்ற என் இடுப்பில் அதன் முனை.

முதலாளி, போட்டி நடத்தும் விருந்தாளிகளோடு வந்தார். புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குழி எங்க?"

"கயிறு பிடிக்க ஆள் போடுங்கய்யா," என்றார் அக்கா. "காலு போனவருக்கு ஒரு வழி சொல்லுங்க. அந்த ரூமத் தொடாதீங்க. குழி தானா வரும்."

"ஒருத்தர் விடாம வெளிய தள்ளிருவேன்! தெரியுமா?"

தள்ளுவார். அதை யாரும் சந்தேகப்படவில்லை. விருந்தாளிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். முதலாளி என் பக்கம் வேகமாக வந்தார்.

"எல்லாம் உன்னாலதான். எறங்கு! மிஷின எடு!"

பயத்தில் பின்னால் போனேன். ஒரு அடி, இன்னொரு அடி. குதிகால் வழுக்கியது. என் வீட்டுக்காரர் விழுந்த அதே இடம். குளம் கண்ணுக்குள் ஏறி வந்தது.

இடுப்பில் கயிறு இறுகியது. நான் விழவில்லை. மேலே பார்த்தேன், உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து, குதிகாலை மண்ணில் ஊன்றி நின்றிருந்தார்கள்.

"நீ நல்லா சாப்பிடு தங்கச்சி," என்றார் நங்கூரம், மூச்சு வாங்க. "இப்பப் பிடிக்க ஆள் இருக்கு."