ஏழாம் தேதி

தீபாவளி முடிந்து ஐந்தாம் நாள் லாப பஞ்சமி. அகமதாபாத்தில் அன்றுதான் கடைகள் மறுபடி திறக்கும். புது முதலீடு எதுவானாலும் கைராசிக்காரர் கையால் தொடங்குவார்கள். அங்கே மணிநகர் பகுதியில் அந்தக் கைராசிக்காரர் மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட் பத்ரேஷ் வோரா. ஆளுக்கு வாய் நீளம், தைரியம் அவ்வளவு நீளமில்லை.

அலுவலகத்தில் அவர் மனைவி நயனா பூஜையை முடித்தபோது, ஹன்சாபென் மோகன்தால் இனிப்பு டப்பாவோடு வந்தாள். காக்ரா என்னும் மொறுமொறு ரொட்டி சுட்டு விற்றுப் பிழைப்பவள். பத்து வருடமாக மாதம் தவறாமல் அவரிடம் எஸ்.ஐ.பி. என்கிற மாதாந்திர முதலீடு போடுகிறாள்.

“மூத்தவளோட நர்சிங் காலேஜ் பீஸ் மொத்தமும் அதுலயே கட்டிட்டேன், பத்ரேஷ்பாய். கடன்னு ஒருத்தன் வாசல்ல போய் நிக்கல. கொரோனாவுல மார்க்கெட் விழுந்தப்போ நிறுத்திடறேன்னு போன் பண்ணேன்ல? ‘இப்ப நிறுத்துறவ முட்டாள்’னு என்ன ஏச்சு ஏசினீங்க.”

பத்ரேஷ் இனிப்பு டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். அவளை ஏசி போனை வைத்த அதே சாயங்காலம், பயந்துபோய்த் தன் எஸ்.ஐ.பி.யை நிறுத்தி, சேர்ந்திருந்ததையும் அடிமாட்டு விலைக்கு விற்றவர் அவர். அந்தப் பணமும் வீட்டுச் செலவில் கரைந்துவிட்டது. நயனாவிடம் இன்றுவரை மூச்சு விடவில்லை.

“சின்னவ பேருக்கும் இன்னிக்கே ஆரம்பிக்கணும். உங்களுக்கு பேங்க்ல எந்தத் தேதில பணம் பிடிக்கிறாங்களோ அதையே போடுங்க. உங்க ராசி ஒட்டட்டும்.”

“ஏழாம் தேதி,” என்றாள் நயனா பெருமையாக. “எங்க பொண்ணு கிஞ்சலோட படிப்புக்கு அதானே ஓடிட்டிருக்கு.”

ஏழு என்று எழுதிவிட்டால் இன்றைக்குத் தப்பித்துவிடலாம். ஆனால் காக்ரா சுட்ட காசை வைத்துக்கொண்டு இவள் பயப்படாமல் நின்றாள், தான் ஓடிப்போனோம் என்று நினைக்க அவருக்கு உடம்பே கூசியது.

“ஏழு வேண்டாம், ஹன்சாபென்.” அவர் தலை நிமிரவில்லை. “எனக்கு எந்தத் தேதிலயும் பிடிக்கிறதில்ல. உங்கள முட்டாள்னு சொன்ன அன்னிக்கே என்னோடத நிறுத்தி வித்துட்டேன்.”

ஹன்சாபென் சங்கடத்தோடு சுவரைப் பார்த்தாள். அங்கே அவரே எழுதி மாட்டிய அட்டை: ‘சந்தை விழும்போது கைவிடாதீர்கள்.’

நயனா கத்துவாள் என்று காத்திருந்தார். அவளோ இழுப்பறையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“உங்களுக்கு எந்தத் தேதி, ஹன்சாபென்?” என்று கேட்டாள். “இவருக்கும் அதையே போடலாம். உங்க ராசி ஒட்டட்டும்.”

“பன்னெண்டு,” என்றாள் ஹன்சாபென், கேட்டும் கேட்காத குரலில்.

முதலில் ஹன்சாபென் மகளின் படிவத்தில் பன்னிரண்டு என்று எழுதினார் பத்ரேஷ். தன்னுடையதில் எழுதும்போது இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.