மங்கலாகத் தெரிந்த கட்டி

வெல்டரின் நுரையீரலில் ஒரு கட்டி இருப்பது எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிட்டது. அது எப்படிப்பட்டது, வேறெங்கும் பரவியிருக்கிறதா என்பதைப் பெட் (PET) ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். பரவாமல் இருந்தால் வெட்டி எடுத்துவிடலாம் என்றிருந்தார் டாக்டர். அந்த ‘இருந்தால்’ என்பதைப் பிடித்துக்கொண்டுதான் வெல்டரின் மனைவி ஒரு வாரத்தை ஓட்டியிருந்தாள்.

காலையில் வெறும் வயிற்றோடு வந்தார்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள்; சரியாக இருந்தது. ஊசி மருந்துதான் வரவில்லை. கதிர்வீச்சு மருந்து, அன்றன்று வேறு ஊரில் தயாராகி வண்டியில் வர வேண்டும். வண்டி வழியில் நின்றுவிட்டதாம்.

“எனக்கு ஒரு போன் போட்டிருந்தா தள்ளிக்கிட்டாவது வந்திருப்பேன்,” என்றார் வெல்டர்.

மதியம் நெருங்கியபோது அவர் முகம் வெளிறி, நாற்காலியில் சரிந்தார். மனைவி ஓடிப்போய் வராந்தா மெஷினில் ஆரஞ்சு ஜூஸ் எடுத்து வந்து நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மருந்து வந்து சேர்ந்தது.

“எதுவும் சாப்பிடலையே, குடிக்கலையே சார்?” என்று கேட்டாள் ஸ்கேன் எடுக்கும் பெண்.

“பச்சைத் தண்ணிதான்.”

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு நாள் அவரைப் பட்டினி போட்டு அழைத்துவர மனசு வரவில்லை.

ஊசி போட்டு, ஒரு மணி நேரம் தனியாகப் படுக்கவைத்து, ஸ்கேன் எடுத்தார்கள். வெளியே வந்தவர் நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். உடம்பில் மருந்து இருக்கும்வரை யார் பக்கத்திலும் ஒட்டி உட்காரக் கூடாதாம்.

“கல்யாணத்துக்கு முன்னாடிகூட நாம இவ்வளவு தள்ளி உக்காந்ததில்ல,” என்றார்.

“மெதுவாப் பேசுங்க, மானம் போகுது.”

அந்தப் பெண் வந்தாள். “சார், தொடை, தோள்னு தசையெல்லாம் பளிச்சுன்னு வந்திருக்கு. ஓடினீங்களா, கனம் ஏதாவது தூக்கினீங்களா?”

“உழைச்ச உடம்பும்மா, பளிச்சுன்னுதான் இருக்கும். கட்டி எப்படி இருக்கு?”

“மங்கலாத்தான்...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அது டாக்டர்தான் சொல்லணும்.”

“கேட்டியா?” என்று மனைவியிடம் திரும்பினார். “கெட்ட கட்டின்னா பளபளன்னு தெரியும்னு டாக்டரே சொன்னாருல்ல? இது சும்மா புகை அடைப்பு.”

அவளுக்கும் அதை அப்படியே நம்பிவிட ஆசைதான். அந்தப் பெண் கதவருகே போய்விட்டாள்.

“ஜூஸ் குடிச்சாரு,” என்றாள் மனைவி. “ஊசிக்கு முன்னாடி. நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.”

“ஏய், சும்மா இருக்க மாட்ட?”

அந்தப் பெண் திரும்பி வந்தாள்.

“நாங்க போட்டது சர்க்கரை மாதிரி ஒரு மருந்தும்மா. புத்துக்கட்டிக்கு அதுமேல கொள்ளைப் பசி. மத்த இடத்தைவிட அதிகமா இழுத்துக்கும், அதான் பளிச்சுன்னு தெரியும். இவர் இனிப்பு குடிச்சதும் இன்சுலின் சுரந்து, தசை முந்திக்கிட்டு எடுத்துக்கிச்சு. கட்டிக்குக் கிடைச்சது மிச்சம் மீதிதான். இந்தப் படத்தை நம்பவே முடியாது. நானும் ஊசிக்கு முன்னாடி மறுபடி சர்க்கரை பாத்திருக்கணும். டாக்டர்கிட்ட நானே சொல்றேன்.”

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது வெல்டர் கேட்டார்: “நீ சொல்லாம இருந்திருந்தா நாலு நாளாவது நிம்மதியா இருந்திருப்பேன்ல?”

“நீங்க இருந்திருப்பீங்க. அஞ்சாம் நாள் நான் என்ன பண்றது?”

அவர் செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்தார்கள். டாக்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். தசைகள் அடங்கியிருந்தன. வலது நுரையீரலின் மேலே ஒரு பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

“மூளையும் மூத்திரப்பையும் எல்லாருக்குமே இப்படி ஒளிரும். இந்தப் பொட்டுதான் விஷயம். புத்துதான்னு நினைக்கிறேன். ஆனா நெறிகட்டுற இடம், எலும்பு, ஈரல், எங்கயும் பரவின மாதிரி தெரியல. ஆபரேஷன் பண்ணலாம்.”

வெல்டர் அந்தப் பொட்டையே பார்த்தார்.

“வெட்டற இடம் தெளிவாத் தெரியுதில்ல?”

“தெரியுது.”

“அப்ப நாளைக் குறிச்சிடுங்க.” மனைவி பக்கம் திரும்பினார். “உனக்கு ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேளு. உனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.”

அவள் நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கேட்க ஆரம்பித்தாள்.