நான்காம் எண் தாள்

நகரக் குடிநீர் ஆய்வகத்தின் தலைமை வேதியியலாளரான அந்த அம்மையாருக்குக் கிருமிகளிடம் அச்சமில்லை. மைக்கைக் கண்டால்தான் நா வறண்டுவிடும். குழாய் உடைந்து மேட்டுத் தெருவுக்குக் கலங்கல் தண்ணீர் போனபோது, வானொலியில் அவர் ஓர் அறிக்கை வாசித்தார். அதில் பிழை ஒன்றுமில்லை, புரிந்துகொண்டவரும் ஒருவருமில்லை. அந்தத் தெருவில் குடியிருந்த அவருடைய நாத்தனாரே, அறிக்கையைக் கேட்டு முடித்த கையோடு, மூன்று வயது மகளுக்குக் குழாய்த் தண்ணீரைக் கொடுத்தாள். குழந்தை நான்கு நாள் துவண்டு கிடந்து, பிறகு தேறியது. நாத்தனார் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுதான் அம்மையாருக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொலைக்காட்சியில் நேரலைப் பேட்டி. மேட்டுத் தெருத் தண்ணீர் இன்னும் சீராகவில்லை. இம்முறையும் பேச்சு புரியாமற்போனால் எத்தனை குழந்தைகள் படுக்குமோ? பேட்டிக்குப் பழக்கிவிட ஒரு பயிற்சியாளரை அமர்த்திக்கொள்ள அலுவலகம் இசைந்தது. முன்வந்தவர் மூவர். மூவரும் தத்தம் பெருமையைத் தாமே எழுதி அனுப்பியிருந்தார்கள். மயிலிடம் தோகையைப் பற்றிக் கேட்டது போல் இருந்தது.

ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. குப்பிகளில் பெயரை மறைத்து எண்ணை மட்டும் ஒட்டுவார்கள். சோதனை சரிதானா என்று பார்க்க, உள்ளிருப்பது முன்பே தெரிந்த ஒரு குப்பியையும் நடுவே வைப்பார்கள். அம்மையாருக்கு வேறு வழியில் தேர்ந்தெடுக்கத் தெரியாது. மேட்டுத் தெருத் தண்ணீரின் சோதனை முடிவை மூவருக்கும் அனுப்பி, 'என் குழந்தைக்கு இந்தத் தண்ணியக் குடுக்கலாமா?' என்று ஒரு தாய் கேட்டால் என்ன சொல்வீர்கள் என வினவினார். வந்த விடைகளைப் பெயரின்றித் தட்டச்சு செய்தார். நான்காவதாகத் தம் வானொலி அறிக்கையையும் சேர்த்தார்.

ஞாயிறு மாலை நடுவர்கள் கூடினர்: தையற்காரரான கணவரும், அவர் தங்கையான அந்த நாத்தனாரும்.

"முதல் தாள்," என்று வாசிக்கத் தொடங்கினார் அம்மையார். "'மிக முக்கியமான கேள்வி, கேட்டதற்கு நன்றி. மக்கள் நலனே எங்கள் மூச்சு...'"

"கேள்விக்கு மாலை போட்டு வாசல் வரைக்கும் வழியனுப்பிட்டாரு," என்றார் கணவர். "அடுத்தது?"

"'தயங்காமல் கொடுங்கள், நான் இருக்கிறேன்!'"

"இவர் இருப்பாரு அண்ணி, குழந்தை இருக்கணுமே," என்றாள் நாத்தனார்.

"மூணாவது. 'இன்னைக்கு வேண்டாம்மா. நல்லா கொதிக்க வெச்சு, ஆற வெச்சுக் குடுங்க. குழாய்த் தண்ணி எப்போ சரியாகும்னு எனக்கே இன்னும் தெரியாது. தெரிஞ்ச அன்னைக்கே வந்து சொல்றேன்.'"

நாத்தனார் அந்தத் தாளை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். கணவர் தாமே நான்காம் தாளை எடுத்து வாசித்தார். "'காலை ஒன்பது நாற்பதுக்குச் சேகரிக்கப்பட்ட மாதிரியில் நுண்ணுயிர் எண்ணிக்கை ஏற்கத்தக்க வரம்பினை விஞ்சியுள்ளது.' அடேங்கப்பா! இந்த ஆள் வீட்டுல பொண்டாட்டி புள்ளைங்க எப்படித்தான் காலம் தள்றாங்களோ!"

"அண்ணே, வாய மூடு."

"ஏன் பாப்பா?"

"அது அண்ணி பேசினது. ரேடியோல கேட்டேன்ல."

கணவர் தாளை மேசைமேல் மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

"அன்னைக்கு என்னம்மா புரிஞ்சுது உனக்கு?" என்று கேட்டார் அம்மையார். கேட்கத் துணிய அவருக்குப் பத்து நாள் ஆகியிருந்தது.

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "ஏற்கத்தக்கன்னு காதுல விழுந்துச்சு அண்ணி. நம்ம அண்ணியே சொல்லிட்டாங்க, அப்புறம் என்னன்னு குடுத்துட்டேன். உங்க மேல இருந்த நம்பிக்கைதான்."

அம்மையார் எழுந்து சென்று அவள் அருகில் அமர்ந்தார். "நீ என்னைத் திட்டியிருக்கலாம்மா."

"திட்டலாம்னுதான் வந்தேன். உங்க மூஞ்சியப் பாத்தா வரல."

மூன்றாம் எண்ணுக்கு உரியவர், முன்பு பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்துவந்த ஒரு பெண்மணி. அம்மையார் அன்றே தொலைபேசியில் அழைத்தார்.

"யாருக்குப் புரியணும்னு நெனச்சுப் பேசப் போறீங்க?" என்றார் அப்பெண்மணி.

"என் நாத்தனாருக்கு."

"அப்போ அவங்களையும் கூட்டிட்டு வாங்க. புரியலன்னா கையத் தூக்கட்டும்."

முதல் நாள் நாத்தனார் பதினேழு முறை கை தூக்கினாள். வியாழக்கிழமை இரண்டே முறை.

வெள்ளிக்கிழமை பேட்டி முடிந்து அம்மையார் வெளியே வருவதற்குள் கைப்பேசி அடித்தது.

"அண்ணி, எங்க தெருவுல இப்போ எல்லா அடுப்புலயும் தண்ணிதான் கொதிக்குது. பக்கத்து வீட்டுல சோறு வைக்கக்கூட அடுப்பு காலியில்லையாம், உங்களைத் திட்டிக்கிட்டு இருக்காங்க!"